வலைக்கு வராத நாட்கள்

காரைக்கால்மேட்டில் எங்கள் படகு சின்னது. விடிந்ததும் கரைக்கு வந்துவிடுவேன். வலையை மணலில் விரித்து, மாட்டியிருக்கும் நண்டையும் மீனையும் கழற்ற வேண்டும். நண்டு கழற்றுவதில் என் வீட்டுக்காரி கெட்டிக்காரி. ஒரு காலைக்கூட ஒடிக்க மாட்டாள். கால் ஒடிந்த நண்டை ஏலத்தில் யாரும் மதிப்பதில்லை.

மாதத்தில் மூன்று நாள் அவள் வரமாட்டாள். அந்த நாளில் எங்கள் பெண்கள் வலையைத் தொடுவதில்லை. அவளுக்குப் பதிலாக என் அக்கா வரும். நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு இவள் வந்துவிடுவாள். இதை வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. ஆள் வரவில்லை என்றால் அதுதான்.

போன வருடம் அது மாறியது. நாலாம் நாள் குளித்தாள். சமைத்தாள். ஏலத்துக்கு வந்து கூடை தூக்கினாள். வலைக்கு மட்டும் வரவில்லை. கேட்டால் இடுப்பு வலி என்பாள். மறுநாள் அரிசி ஊறப் போட்டிருக்கிறேன் என்பாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, ஊருக்கெல்லாம் மூணு நாளு. ஒனக்கு மட்டும் அமாவாசைலேர்ந்து பௌர்ணமி வரைக்குமா?" என்றது.

நானும் ஒரு நாள் கத்திவிட்டேன். "குளிச்சாச்சுல்ல? அப்புறம் என்ன? வா."

வந்தாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். அன்றைக்கு இரண்டு நண்டுக்குக் கால் ஒடிந்தது. பார்த்தேன். கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஏலத்தில் கூடையோடு கீழே விழுந்தாள். தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்ததும் மீன் எங்கே என்றுதான் கேட்டாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாட்டேன் என்றாள். அக்கா சொன்னது: "கர்ப்பப்பைய எடுத்துப் போட்டுட்டா நிம்மதிடி. எனக்கு எடுக்கலையா?"

ஆட்டோவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் வெளியில் வைத்துப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"ஏங்க, எனக்கும் எடுத்துருவாங்களா?"

"தெரியல."

"அண்ணிக்கு முப்பத்தஞ்சுல எடுத்தாங்க. இன்னும் இடுப்பப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறாங்க. எனக்கு வேணாங்க."

நான் கையை விடவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா என்னை வெளியே நிறுத்தினார். கதவு கிடையாது, துணித் திரைதான். உள்ளே டாக்டரம்மா பேசுவது கேட்டது.

"மாசாமாசம் எத்தனை நாள் இருக்கும்மா?"

"மூணு நாளுங்க."

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"பதினோரு நாளுங்க" என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு?"

"வீட்டுக்காரருங்க. போன அமாவாசைக்கு மறுநாள்லேர்ந்து வலைக்கு வரலைங்க. துவாதசி அன்னிக்குத்தான் வந்துச்சு. நடுவுல ஒரு நாள் நான் கத்துனேன், வந்துச்சு. அதுவும் வராத நாள்தாங்க. அதுக்கு முந்தின மாசம் பத்து நாளு."

கடலுக்குப் போகிறவனுக்குத் திதி மறக்காது. நீரோட்டம் அதை வைத்துத்தான். அந்தக் கணக்கோடு இவள் வராத நாளும் மனதில் விழுந்து கிடந்திருக்கிறது. அது என்ன கணக்கு என்று அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, மூணுன்னு சொன்னீங்களே?"

"நாலாம் நாளு குளிச்சாச்சேங்க. குளிச்சா முடிஞ்சுதுல்ல."

"ரத்தம் நின்னுச்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லைங்க. சொன்னா எடுத்துருவீங்கன்னு..."

டாக்டரம்மா திட்டவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் சின்னக் கட்டி. கெட்ட கட்டியாகத் தெரியவில்லை, இப்போதைக்கு எடுக்க வேண்டியதில்லை, முதலில் ரத்தப்போக்கு குறையட்டும், உடம்பில் ரத்தம் ஏறட்டும் என்றார். பிறகு அவர் கேட்டதெல்லாம் வேறு. எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், கூடை எவ்வளவு கனம், காலையில் என்ன சாப்பிடுவீர்கள், தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள்.

"தண்ணி குடிக்க மாட்டேங்க. ஏலத்துல ஒதுங்க எடமில்ல."

எனக்கு அது தெரியாது. இத்தனை வருடம் பக்கத்தில்தான் இருந்தேன்.

ரத்தப்போக்குக்கு ஒரு மாத்திரை, ரத்தம் ஏற ஒரு மாத்திரை. டீயோடு விழுங்கக் கூடாது. கீரை, எள்ளு, நெல்லிக்காய், நம் மீன் எல்லாம் அவளும் சாப்பிட வேண்டும், மிச்சத்தை அல்ல. பகலில் கொஞ்சம் படுக்க வேண்டும். சித்த வைத்தியரிடம் போகலாமா என்று கேட்டாள். "போங்க. என்ன குடுத்தாலும் எங்கிட்டயும் சொல்லணும். எதையும் நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார். சித்த வைத்தியரும் ஸ்கேன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுத்தார். மூச்சை இழுத்து விட்டு உட்காரவும் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து அவள் அப்படி உட்கார்ந்தாள். பாதியில் தூங்கிப்போனாள். நான் எழுப்பவில்லை.

மறுநாளிலிருந்து கூடை என் தலையில். கரையில் சிரித்தார்கள்.

"என்ன மாப்ள, கூடை ஒன் தலைக்கு வந்துருச்சு?"

"தல இருக்குல்ல."

ஏலக்காரர் வீட்டம்மாவிடம் பேசி, கரையோரம் இருக்கும் அவர்கள் கக்கூஸுக்குச் சாவி வாங்கினேன். இப்போது நாலைந்து பெண்கள் அந்தச் சாவியைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். தண்ணீர் பாட்டிலும் கொண்டுவருகிறார்கள்.

நாள்காட்டியில் அவள் பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். குளித்த நாளோடு நிறுத்தாமல், நின்ற நாள் வரைக்கும். பதினொன்று ஒன்பதாயிற்று. அப்புறம் எட்டு. ஒரு மாதம் மறுபடியும் பத்து. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். பிறகு ஆறு. கட்டி அப்படியே இருக்கிறது, வளரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் ஒரு காலை. நண்டு நிறைய. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தது. இவள் வந்து நின்றாள்.

அக்கா கேட்டது, "குளிச்சிட்டியாடி?"

"இல்லண்ணி. ரெண்டாம் நாளு."

அக்கா என்னைப் பார்த்தது. நான் தள்ளி உட்கார்ந்து வலையின் ஓரத்தை அவள் பக்கம் இழுத்துவிட்டேன். உட்கார்ந்தாள். முதல் நண்டைத் தொடும்போது கை கொஞ்சம் நின்றது. அப்புறம் கழற்றினாள். கால் ஒடியவில்லை.

"கடலம்மா கோச்சுக்கப் போறாடி" என்றது அக்கா.

"அவளும் பொம்பளதானே, அண்ணி."

அக்கா சிரித்துவிட்டது. மறுநாளும் கடலுக்குப் போனேன். கிடைக்கிறது கிடைத்தது.

இப்போது தினமும் வருகிறாள். வலையை வைத்து இனி எண்ண முடியாது. வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு.

கேட்கிறேன். "எத்தனாவது நாளு?"

சொல்கிறாள்.