பரமேஸ்வரி போட்ட கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு நினைவகம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது திருச்செங்கோட்டிலிருந்து பரமேஸ்வரியின் கணவர் போனில் பேசினார். “பரமேசு போயிட்டாளுங்க” என்றார். மாரடைப்பு. எத்தனை ஜிபி என்று திரையில் கேட்டு நின்ற கட்டத்தில் அதற்குப் பிறகு நான் என்ன எண் போட்டேன் என்று நினைவில்லை.

நாமக்கல்லில் எங்கள் கோழித் தீவன ஆலையின் கணினிப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். எடைமேடைக்கு ஒன்று, கலவைக்கு ஒன்று என்று தூசி படிந்து கிடந்த கணினிகளை ஒரே சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் விர்ச்சுவல் மெஷின்களாக மாற்றியது அவர்தான்.

நினைவகம் கொடுப்பதில் மகா கஞ்சம். எடைமேடைக்கு எட்டு ஜிபி கேட்டு வந்த மேலாளரை இரண்டோடு அனுப்பிவைத்தார். “ஓடவுட்டுப் பாப்பமுங்க. பத்துலீன்னா நானே வந்து போட்டுத் தாரேன்.” சொன்னபடி ஒரு வாரம் கழித்துத் தானே போய் விசாரித்தார். இரண்டே போதுமாக இருந்தது. என் மெஷினுக்கும் அதே அளவுதான். அதற்காக நான் இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன் என்பது அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும்.

அவருடைய நீல அட்டை நோட்டையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெஷினுக்கு ஒரு பக்கம். பிராசசர், நினைவகம், டிஸ்க், மெஷின் எழும் பூட் முறை, எதிலிருந்து முதலில் எழ வேண்டும் என்ற பூட் வரிசை எல்லாம் எழுதி, அப்படி அமைத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பிழை செய்தால் அதையும் எழுத வேண்டும். “சரியா வெச்சத மெசினே சொல்லும். தப்பா வெச்சத நாமதான் எழுதோணும்” என்பார்.

நான் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத சமயம். முந்தைய வேலை போய், வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தவன் நான். தீவனக் கலவை விவரங்கள் இருந்த பழைய கணினியின் டிஸ்க்கை நகலெடுத்தோம். எடுத்த கையோடு அசல் டிஸ்க் நின்றுவிட்டது. மிஞ்சியது அந்த ஒரே நகல். அதற்காக அமைத்த விர்ச்சுவல் மெஷினில் பூட் முறையைப் புதிய யூ.இ.எஃப்.ஐ. என்று வைத்தேன். பழைய டிஸ்க் அந்த முறையில் எழாது. அது எனக்குத் தோன்றவே இல்லை. வரிசையில் அடுத்திருந்த இன்ஸ்டால் சிடி எழுந்து, புதிதாக நிறுவலாமா என்று கேட்டது. நகல் வெறுமையாகிவிட்டது என்று நினைத்து, இருப்பதை எல்லாம் அழித்துவிடும் ஃபார்மட் வரைக்கும் போய்விட்டேன்.

பரமேஸ்வரி மவுஸ் மேல் இருந்த என் கையைப் பிடித்தார். “இருங்க. பழைய மெசினுங்க அது. அதுக்குத் தக்கன நாமதான் வெக்கோணும்.” பூட் முறையைப் பழைய பயாஸ் முறைக்கு மாற்றினார், சிடியைக் கழற்றினார். கலவைப் பட்டியல் திரையில் வந்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அரை நாள் கலவை நின்றதற்கு யார் காரணம் என்று கேட்டு முதலாளி வந்தார். நோட்டில் பிழையை எழுதி என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டிருந்தேன். வேலை போய்விடும் என்றே நம்பினேன். அவர் நோட்டைக் கேட்பதற்குள் பரமேஸ்வரி என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் போட்டு நீட்டினார். “பக்கத்துல உக்காந்துட்டு நானும் பாக்குலீங்க. ரெண்டு பேரு தப்புந்தான்.” முதலாளி இரண்டு கையெழுத்தையும் பார்த்தார், நோட்டை மூடி வைத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி முதலாளி பிறகு என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

நேற்று புதிய சக ஊழியர் சரவணன் பூட் வரிசையில் சிடியை முதலில் வைத்துவிட்டார். சர்வரை மறுபடி தொடங்கியதும் எடைமேடை மெஷின் எழவில்லை, லாரிகள் வாசலில் நின்றன. சரிசெய்து முடித்ததும் நோட்டில் பிழையை எழுதிவிட்டு, கையெழுத்துப் போடாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம்.

பேனாவை வாங்கி முதலில் நான் போட்டேன்.