அக்கா விட்டுப்போன கிளெமாட்டிஸ்

அக்கா கன்னியர் மடத்தில் சேரப் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது எனக்குப் பதினான்கு வயது. துணிப்பை கட்டியாயிற்று, வாசலில் அப்பா ரிக்‌ஷாவோடு காத்திருந்தார். அவளோ என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய் வேலியோரம் இருந்த கொடியைக் காட்டினாள்.

"தலைக்கு வெயில் வேணும் பாப்பா, காலுக்கு நிழல் வேணும். வேரு சுட்டுச்சுன்னா செத்துப்போயிரும்."

பள்ளிக்கூடத்தில் அவள் தையல் சொல்லிக்கொடுத்தபோது வயதான பிரெஞ்சு சிஸ்டர் ஒருவர் கொடுத்த நாற்று அது. கிளெமாட்டிஸ் என்ற பெயர் அம்மாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. 'சிஸ்டர் கொடி' என்றே சொல்லிவந்தாள்.

அக்கா சொன்னபடியே வேர்மேல் உடைந்த கூரை ஓடுகளைப் பரப்பினேன். அதைச் சுற்றிப் பெரணித் தொட்டிகளை வைத்தேன். சுண்ணாம்புச் சத்துக்காக, முக்குக் கோப்பிக்கடையில் முட்டை ஓடுகளைக் கேட்டு வாங்கிவந்து நொறுக்கிப் போட்டேன். கணக்கெழுதும் கிராணி வேலை முடிந்து வரும் வழியில் அப்பா சூலியா தெருவில் கயிறு வாங்கிவந்து கூரைவரை கட்டிக்கொடுத்தார். இலைக்காம்புகள் அந்தக் கயிற்றை வளைத்துப் பிடித்துக்கொண்டு மேலே ஏறின. கொடி கூரைத் தகரம்வரை போயிற்று. மொட்டு மட்டும் வரவில்லை.

அக்காவின் கடிதம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். மடத்துத் தாயார் படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள் என்பதால் அதில் பெரிதாக எதுவும் இருக்காது. எல்லாரும் சுகமா, கொடி பூத்ததா என்று கேட்டிருப்பாள். மூன்றாம் வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்து எழுந்ததாக எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. கொடி நிறையப் பூத்திருக்கிறது என்று பதில் எழுதிவிட்டேன்.

தவக்காலத்தில் அவளுடைய பதில் வந்தது. 'பூத்தது என்று எழுதினாய். என்ன நிறம் என்று எழுதவில்லையே, பாப்பா.' அவ்வளவுதான். கோபமாக ஒரு சொல்கூட இல்லை. பல வாரங்கள் என்னால் பேனாவைத் தொட முடியவில்லை.

அந்த வருடமே அவளை ரங்கூனுக்கு மாற்றினார்கள். கப்பல் ஒரு பகல் பினாங்கில் நிற்கும், இங்குள்ள மடத்து வரவேற்பறையில் அரை மணி நேரம் பார்க்கலாம் என்று செய்தி வந்தது. எங்கள் வீடு அங்கிருந்து கால்மணி நடைதான். ஆனால் அவள் வீட்டுக்கு வர மடத்து விதி இடம் தரவில்லை.

வெள்ளை உடையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொரு சிஸ்டரும் உட்கார்ந்தார். அம்மா கொண்டுபோன இடியப்பத்தையும் வெளியாரோடு சேர்ந்து சாப்பிடக் கூடாதாம். அம்மா தூக்குச்சட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கொடி பூத்ததாகப் பொய் எழுதியதை நானே ஒப்புக்கொண்டேன்.

அக்கா சிரித்தாள். பிறகு கொடியைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் அது தெரிகிறதா? மழையில் கொல்லைக் கதவு இன்னும் இறுகிக்கொள்கிறதா? அப்போது எந்தப் பக்கமாகப் போய்த் தண்ணீர் ஊற்றுகிறாய்? நம் அறையில் படுத்தால் அது தகரத்தில் உரசும் சத்தம் கேட்கிறதா? நீ எந்தப் பக்கம் படுக்கிறாய்?

நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். அவள் வீட்டுக்குள்தான் நடந்துகொண்டிருக்கிறாள் என்று பாதியில்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அவசரப்படாமல், ஒவ்வோர் அறையாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்த சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது. மணி அடித்தது. அக்கா எழுந்து அம்மாவின் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். அதன்பின் அவள் பினாங்குக்கு வரவேயில்லை.

கொடியும் பூக்கவில்லை. இந்த ஊர்ச் சூட்டுக்கு அது பூக்காது, ஊருக்கு மேலே குளிராக இருக்கும் கொடிமலை உச்சியில் வேண்டுமானால் பூக்கும் என்று பின்னாளில் ஒரு தோட்டக்காரர் சொன்னார். ரங்கூனுக்கு அதையும் எழுதினேன். அதற்கு மேல் பக்கம் பக்கமாக வீட்டைப் பற்றி எழுதினேன்.

எனக்குக் கல்யாணமான வருடம் குளியலறை கட்ட அப்பா வேலியை எடுக்கப் பார்த்தார். எப்படியும் பூக்காத கொடிதானே என்றாராம். அதுவரை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து குறுக்கே நின்றாளாம்.

"அத தொடாதீங்க."

குளியலறை கிணற்றடிக்கு மாறியது. நான் போகும் நாளெல்லாம், அரிசி கழுவிய தண்ணீரை அம்மா கொடியின் வேரை மூடிய ஓடுகளின் மேல் மெல்ல ஊற்றிக்கொண்டிருப்பாள்.