வைஃபைக்குப் பொறுப்பானவர்

வைஃபை ட்ரைவர் பொதி செய்கிறவனை, வைஃபை நின்ற பிறகுதான் மக்கள் தேடுவார்கள். புது மடிக்கணினியின் வைஃபை அட்டையைப் லினக்ஸின் கருவான பழைய கேர்னலுக்குத் தெரியாது. புதிய கேர்னலிலிருந்து அந்த அட்டையை இயக்கும் ட்ரைவரை எடுத்து, பழையதற்குப் பொருந்தும்படி வெட்டி ஒட்டி, பொதியாக்கி அனுப்புவது என் வேலை. கொக்குவிலில் ஒரு வீட்டின் முன்னறைதான் அலுவலகம். பக்கத்து மேசைக்காரரின் கெட்டித்தனத்தைச் சகித்துக்கொண்டு வேலைசெய்தவர்களுக்கு நான் இனிச் சொல்லப்போவது புரியும்.

தேநீருக்கு முதல்

ஜெனிற்றா கொழும்புத்துறையிலிருந்து வேலைக்கு வந்த முதற்கிழமை. மூன்று கிழமையாக எனக்கு மசியாத ஓர் அட்டையைக் காலையில் கையில் எடுத்தாள். பத்து மணித் தேநீருக்கு முன் அது வேலைசெய்தது. எங்கள் பொறுப்பாளர் குகன் அண்ணை அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்று சிரித்தார். என் கதிரைக்குப் பின்னால் அவர் அப்படி நின்றதில்லை.

அடுத்த வெளியீடு முடிந்ததும் வைஃபைப் பொதி முழுவதையும் ஒருவரிடமே கொடுக்கப்போவதாகவும் அன்றுதான் சொன்னார். அதுவரை அந்தப் பொதியில் இருந்தது என் பெயர். ஜெனிற்றா என் பக்கம் திரும்பினாள். “முக்கால்வாசி நீங்கள் செய்து வைச்சிருந்தியள் அண்ணை. மிச்சத்தைத்தான் நான் பாத்தனான்.”

சின்னக் கோப்பு

வெளியீட்டுக்கு முதல்நாள், என் புது ட்ரைவரோடு ஃபேம்வெயர் கோப்பையும் சேர்க்க வேண்டும் என்றாள் ஜெனிற்றா. அட்டைக்குள் ஏற்றப்படும் சின்னக் கோப்பு அது. அது இல்லாவிட்டால் அட்டை அசையாது. அவள் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்ற பயத்திலேயே நான் தேடிப் பார்க்கவில்லை. முந்திய சோதனையொன்றில் போட்ட கோப்பு என் மடிக்கணினியில் அப்படியே கிடந்ததும் நினைவில் இல்லை. “என்ரையிலை ஓடுது” என்றேன்.

“உங்கடையிலை ஓடும். சனம் எல்லாம் உங்கடை மெஷினையே வைச்சிருக்குது?”

இணுவில் மாஸ்ரர்

வெளியீடு போய் மறுநாள், இணுவிலில் கணினி படிப்பிக்கும் மாஸ்ரர் தொலைபேசி எடுத்தார். வகுப்பிலுள்ள ஒரு மடிக்கணினியிலும் வைஃபை இல்லை. வேறு முறைப்பாடுகளும் வந்திருந்ததால், அதற்குள் நான் கோப்பைச் சேர்த்துப் புதுப்பொதி போட்டிருந்தேன். இணையத்திலிருந்து இறக்கச் சொன்னேன்.

“தம்பி, இன்ரநெற் இல்லையெண்டுதானே உமக்கு எடுத்தனான்.”

ஜெனிற்றா பொதியைப் பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் இணுவிலுக்குப் போனாள்.

கூட்டம்

யார் விட்ட பிழை என்று குகன் அண்ணை கேட்டார். ஜெனிற்றா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “அவ முதலே சொன்னவ, நான்தான் கேக்கேல்லை” என்றேன். உண்மை பேசியதற்காவது மரியாதை கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

“தெரியும். அவ குறிப்பும் எழுதி வைச்சவ, நேற்றுத்தான் பாத்தனான். நீர் சொல்லுவீரோ எண்டுதான் கேட்டனான். பொதியை இனி ஜெனிற்றா பாக்கட்டும்.”

அவள் பொறுப்பெடுத்த பிறகு என் வைஃபை ஒருநாள்கூட அறுபடவில்லை என்பதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.