பாகலூர் வரும்வரை பேசக்கூடாது

போன திங்கட்கிழமை என்னை மூன்று மொழிகளில் வாயை மூடச் சொன்னார்கள். அதுவும் ஓடுகிற பஸ்ஸில், கட்டிய மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது!

என் மனைவி விஜயா பேரிகைப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் டீச்சர். தினமும் காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் பிடித்துப் போவாள். நான் கம்பெனியில் ஷிப்ட் பார்த்த காலத்தில் அவள் எப்படிப் போகிறாள், எப்படி வருகிறாள் என்று யோசித்ததில்லை. இப்போது ரிட்டையர் ஆகிவிட்டேன். செகண்ட் ஹேண்டில் கார் ஒன்றும் வாங்கிவிட்டேன். கை சும்மா இருக்குமா?

"இனிமே நீ பஸ்ல இடிபட வேணாம். நானே கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

"எதுக்குங்க? பஸ்ஸே நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

எனக்குச் சிரமம் தரக் கூடாது என்று பார்க்கிறாள் போலிருக்கிறது... எவ்வளவு நல்ல மனசு! நான் விடவில்லை. ஒரு வாரம் பூராவும் காரிலேயே போனோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன் — ரோட்டுக் குழி, வயலுக்கு நடுவே முளைத்த பிளாட் போர்டு, கர்நாடகா வண்டிக்காரர்கள் ஓவர்டேக் செய்கிற லட்சணம். அவள் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தாள். மடியில் ஒரு நோட்டு. ஒருநாளும் அதைத் திறக்கவில்லை. இவ்வளவு சுவாரஸ்யமாகப் பேசுகிறவன் பக்கத்தில் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"இந்த வாரம் பூரா புக்குல இருக்கறத அப்படியே படிச்சுட்டு வந்துட்டேன்ங்க. பின்னம் நடத்தினேன். அரை, கால்னு சொன்னா எல்லாம் என் மூஞ்சியவே பார்க்குதுங்க. பாதிப் பேர் வீட்டுல தெலுங்கு, கொஞ்சம் பேர் கன்னடம். ரோஸ் தோட்டத்துல வேலைக்கு வடக்கேருந்து வந்தவங்க பிள்ளைங்க இந்திதான் பேசுது. ஒண்ணுமே புரியலன்னு சொல்லக்கூடத் தெரியல அதுங்களுக்கு. எனக்கே என்மேல வெறுப்பா இருக்குது."

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. உடம்பு சரியில்லை என்று முடிவுகட்டி, மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். புருஷன்மார்கள் நாங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு மாத்திரை வைத்திருப்போம்.

திங்கட்கிழமை காலையில் கார் கிளட்ச் போய்விட்டது. சரி, துணைக்கு நானும் வருகிறேன் என்று பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் ஜன்னலோரம் ஒரு சீட் மட்டும் காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு துணிப்பை. பேரிகையில் துணிக்கடை வைத்திருக்கும் நூர்ஜஹான் அக்கா பையை எடுத்துக்கொண்டு, "வாங்க டீச்சர், ஒரு வாரமா ஆளையே காணோமே!" என்றார். நான் வீட்டுக்காரர் என்று தெரிந்ததும் தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு எதிர் சீட்டில் இருந்தவர்களை நகரச் சொல்லி உட்கார்ந்தார். அந்தப் பஸ்ஸில் எனக்குக் கிடைத்த மரியாதை அத்தோடு சரி.

வண்டி கிளம்பியது. விஜயா நோட்டைத் திறந்தாள். நான் போனைத் திறந்தேன். ஒரு செய்தி கண்ணில் பட்டது. வெளிநாட்டில் எங்கேயோ, அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பாடம் தயாரிக்க வேலை நேரத்திலேயே நேரம் தரவேண்டும், அதை வேறு எந்த வேலைக்கும் பிடுங்கக்கூடாது என்று சட்டமே போடப் போகிறார்களாம். சொல்லாமல் இருக்க முடியுமா?

"விஜி, இதைக் கேளேன்—"

"மாதாட்பேடி சார்" என்று கன்னடத்தில் சொன்னார் முன் சீட்டுப் பெரியவர், திரும்பிப் பார்க்காமலே.

நான் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். "சட்டமாம் விஜி, சட்டம்!"

"மாட்லாடகண்டி சார்!" பின்னாலிருந்து ஒரு பெண் குரல், தெலுங்கில். கம்பெனி யூனிஃபார்ம்.

"சார், டீச்சர்கிட்ட பேசாதீங்க" என்றார் நூர்ஜஹான் அக்கா, எனக்கு விளங்கட்டும் என்று தமிழில். "பாதி வழியில பாகலூர் வர்ற வரைக்கும் அவங்க பாடம் எழுதுவாங்க. யாரும் பேசக்கூடாது."

"நான் அவங்க வீட்டுக்காரருங்க..."

"இருந்துட்டுப் போங்க. அதுக்கென்ன இப்போ?"

கண்டக்டர்கூட விசில் கொடுக்காமல் கம்பியைத்தான் தட்டினார். அக்கா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "முதல்ல நாங்களும் பேசிட்டுதான் வந்தோம். அவங்க நோட்டைத் தொறப்பாங்க, நாங்க ஏதாவது கேட்போம், மூடிட்டு சிரிச்ச மூஞ்சியா பதில் சொல்வாங்க. மறுபடி தொறப்பாங்க. பார்க்கப் பார்க்க எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

வேறு வழி? நான் விஜயாவைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எழுதுகிறாள், அடிக்கிறாள், ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். உதடு அசைகிறது — எந்தப் பிள்ளையிடமோ பேசிப் பார்க்கிறாள். யாரோ ரோஜாக் கட்டு ஒன்றை மடியில் வைத்திருந்தார்கள். அதையே கொஞ்ச நேரம் பார்த்தவள், சட்டென்று குனிந்து வேகமாக எழுத ஆரம்பித்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்வதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ரொம்ப அழகாக இருந்தாள்.

இந்த நேரத்தைத்தான் ஒரு வாரமாக நான் பேசியே தின்றிருக்கிறேன்!

பாகலூர் தாண்டியதும் பஸ்ஸே கலகலவென்று ஆகிவிட்டது. நான் செய்தியைச் சொன்னேன்.

"ஏன், ஸ்கூல்ல ஃப்ரீ பீரியட் கிடையாதா?" என்றும் கேட்டுவைத்தேன்.

"நாலும் அஞ்சும் ஒரே ரூம்ல வெச்சுக்கிட்டு எங்கருந்துங்க ஃப்ரீ பீரியட்? கொஞ்சம் மூச்சு விட்டா ஆன்லைன்ல ஏதாவது ஏத்தணும். வீட்டுக்கு வந்தா சமையல், அப்புறம் நீங்க." சிரித்துவிட்டு நோட்டைக் காட்டினாள். எழுத்தெல்லாம் குழியில் விழுந்து எழுந்திருந்தது. "பாருங்க, கை எப்படி ஆடுதுன்னு. இவங்க பாசத்துல இந்த நேரத்தைக் குடுக்கறாங்க, நல்லாத்தான் இருக்குது. ஆனா இது என் வேலைதானே? ஸ்கூல்லயே ஒரு மேஜையும் கொஞ்ச நேரமும் குடுங்கன்னு கேட்டா தப்பா?"

தப்பில்லை. பஸ் பூராவும் ஒத்துக்கொண்ட விஷயம் சட்டசபைக்குப் போக ஏன் இவ்வளவு நாளாகிறதோ!

அன்று சாயங்காலம் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். ரோஸ் ஒரு கட்டுக்கு இருபது பூ. பாதிக் கட்டு எவ்வளவு, கால் கட்டு எவ்வளவு என்று கேட்டாளாம். பூக்கட்டைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகள். ஆளாளுக்கு அவரவர் பாஷையில் கத்தினார்களாம். "போன வாரம் என் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்ததுங்கல்ல? இன்னைக்கு என்னைப் பேச விடலங்க!"

கார் ரெடியாகி வந்தது. அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான்" என்றேன்.

ஏற்றிவிட்டேன். பஸ் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தால் கார் சீட்டில் அவளுடைய டிபன் பாக்ஸ்! போன் பண்ணலாமா? ஓடிப்போய் ஜன்னலைத் தட்டலாமா? அதே ஜன்னலில் நோட்டு திறந்திருந்தது.

பாகலூர் வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன் — ஹாரன் அடிக்காமல்.