ஷாப்ளி போத்தலும் கட்டச் சம்பலும்

மஸ்கெலியாவுக்கு மேலே, முன்பு தோட்டத் துரை குடியிருந்த பங்களா இப்போது ஹொட்டல். கிருஷாந்தி அங்கே அறை கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தாள். சாப்பாட்டு மேசையில் பரிமாற வர நான்கு வருடம் பிடித்தது. அதன்பின் எட்டு வருடத்தில் ஒரு தட்டைக்கூட அவள் மேசை மாற்றி வைத்ததில்லை.

பூரணி வந்து இரண்டே வருடம். அக்கரப்பத்தனைப் பெண், எட்டு வயது இளையவள். வைன் பயிற்சிக்கு ஹொட்டல் ஒருவரைக் கொழும்புக்கு அனுப்பியபோது போனது அவள். திரும்பி வந்தவளின் சட்டையில் திராட்சைக் கொத்து போட்ட சின்னம் ஒன்று மினுங்கியது. அதைக் கண்டாலே கிருஷாந்திக்கு வயிறு எரியும். வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்ததும் பூரணியைத்தான் தேடுவார்கள். அவள் போத்தலைத் துணியில் சுற்றி எடுத்துவந்து விளக்குவாள். கிருஷாந்தி தண்ணீர் ஊற்றிவிட்டு ஒதுங்கி நிற்பாள்.

ஒரு ஞாயிறு மதியம் பிரான்சிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பூரணி அவர்களுக்கு ஷாப்ளி என்ற வெள்ளை வைனைத் தேர்ந்தாள். இனிப்பே இல்லாத, தேசிக்காய் போலப் புளிப்பு தட்டுகிற வைன். அதற்கு நீர்த்தேக்கத்து மீனை வெண்ணெயில் வாட்டி, உறைப்பில்லாமல் தரச் சொல்லியிருந்தாள். கூடவே இளம் ஆட்டுப்பால் சீஸ்.

கிருஷாந்தி குசினிக்குள் போனாள். சமையற்காரர் செல்லசாமி மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவுங்க நல்லா ஒறைப்பா கேக்குறாங்க. மேல கட்டச் சம்பல் போட்டுருங்க."

"பூரணி வேணாம்னுச்சே?"

"இப்பத்தான் மாத்திச் சொன்னாங்க."

மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பலை அவர் மீன் மேல் தாராளமாகப் பூசினார். தட்டைக் கிருஷாந்தியே கொண்டுபோய் வைத்தாள். அந்த அம்மா ஒரு வாய் மீனும் ஒரு மிடறு வைனும் எடுத்ததும் முகம் சிவந்து இருமினார். இரண்டும் சேர்ந்து தொண்டையை எரித்துவிட்டன. கணவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

மெனேஜர் குசினிக்கே வந்துவிட்டார். "யாரு இதைப் போடச் சொன்னது?"

செல்லசாமி கிருஷாந்தியின் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறக்குமுன், மெனேஜர் பின்னாலேயே வந்த பூரணி முந்திக்கொண்டாள்.

"நான்தான் சேர். யோசிக்காம சொல்லிட்டேன்."

ஏச்சு முழுவதும் அவளுக்கே விழுந்தது.

மெனேஜர் போனதும் மிஞ்சிய வைனைக் கிருஷாந்தி ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். சம்பல் பட்ட மீனோடு நெருப்பு. சம்பல் படாத மீனோடு அதே வைன் வாயைக் கழுவிவிட்டாற்போல் இருந்தது. பூரணி சொன்னது அத்தனையும் சரி. அது அவளை இன்னும் எரித்தது.

பாத்திர அறையில் பூரணியை மறித்துக்கொண்டாள். "நான் செஞ்சேன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா ஒங்கள நிப்பாட்டிருவாங்க. புள்ளைங்க படிக்குதுங்க."

நன்றி சொல்ல வேண்டிய இடம். கிருஷாந்திக்கோ நல்ல பெயர் போதாதென்று இவளுக்கு நல்ல மனசும் இருக்க வேண்டுமா என்றுதான் தோன்றியது.

இரண்டு நாள் அந்த எரிச்சலோடு திரிந்தாள். மூன்றாம் நாள் காலை மெனேஜர் அறைக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"சேர், இத்தன வருசமா இருக்கேன். என்னய ஏன் அந்தப் படிப்புக்கு அனுப்பல?"

"பூரணி மூணு தடவை வந்து கேட்டுச்சு. நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அவள் கேட்டதில்லை. கேட்காமலே தருவார்கள் என்று காத்திருந்திருக்கிறாள்.

அடுத்த வருடம் தானே போய்க் கேட்டாள், அனுப்பினார்கள். இப்போது அவளும் ஷாப்ளி ஊற்றுகிறாள். பூரணிக்குத் தெரியாத ஒன்றையும் கண்டுபிடித்தாள்: தேங்காய்ப்பாலில் மிளகாயில்லாமல் வைத்த இறால் சொதிக்கு அந்த வைன் அருமையாகச் சேரும். செல்லசாமி அதைப் பட்டியலில் எழுதிவிட்டார். பூரணி ருசித்துப் பார்த்து, "எனக்கு இது தோணவே இல்லையேக்கா" என்றபோது அவள் குரலிலும் லேசாக ஒரு எரிச்சல் கேட்டது.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கிருஷாந்தி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.