தலைப்பில்லாத சனிக்கிழமைக் கதை

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, வட்ஸ்அப்பில் வந்த ஒரு கதைக்கு இதயம் போட்டேன். சிவப்பு இதயம். கூடவே "கண் கலங்கிவிட்டது" என்று ஒரு வரி.

உண்மையைச் சொல்லட்டுமா? என் கண் கலங்கவே இல்லை. அது அடுப்பில் இருந்தது. கீரி மீன் பொரிந்துகொண்டிருந்தது. ஒரு கையில் அகப்பை, மறு கையில் போன். மேலோட்டமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, இதயத்தைப் போட்டுவிட்டு, மீனைப் புரட்டினேன்.

பிறகுதான் தெரிந்தது... அது கதையே இல்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு எங்கள் குரூப்பைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெயர் 'எழுதித்தான் பாப்பம்'. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை, கரையோரத்தில் இருக்கிற எழுத்து ஆசைக்காரர்கள் எல்லாம் அதில் இருக்கிறோம். டீச்சர்மார், கடைக்காரர், பார்மஸிக்காரர், வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிற உம்மாமார். அச்சில் பெயர் வருகிற ஒரே ஆள் நான்தான். அதுவும் இந்தப் பத்திரிகை ஆசிரியரின் பொறுமையால்.

யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ரோஜாப்பூவும் கஃபாவும் பிள்ளைகளின் போட்டோவும்தான் எங்கள் முகங்கள். ஆனால் யாருக்குப் பிரஷர், யாருடைய மகன் ஓஎல் பரீட்சை எழுதுகிறான், யாருக்குக் கதையை முடிக்கவே தெரியாது... எல்லாம் அத்துப்படி. கரண்ட் போனால் முதல் செய்தி அங்கேதான் வரும். புரியாணிக்கு உப்புக் கூடிவிட்டால் பரிகாரமும் அங்கேதான்.

சனிக்கிழமை மட்டும் வேறு. சனிக்கிழமை கதை நாள்.

இதற்குச் சட்டம் போட்டவர் அட்மின் பாஹிமா ராத்தா, எங்கள் எல்லோருக்கும் அக்கா முறை. மருதமுனையில் வீட்டிலிருந்தே சாரி விற்கிறவர். சாரியில் ஒரு நூல் பிசகினாலும் திருப்பி அனுப்புகிற மனுஷி. கதையில் சும்மா விடுவாரா? சனிக்கிழமை காலை, முறைக்காரர் தன் கதையைப் போட வேண்டும். தலைப்பு கட்டாயம். எழுத்துத் தமிழ் கட்டாயம். அன்றைக்கு வேறு ஒரு பேச்சும் கூடாது. பிறந்தநாள் வாழ்த்தா? ஞாயிற்றுக்கிழமை. ஜனாஸா, மரண அறிவித்தலா? அதற்கு வேறு குரூப் இருக்கிறது. நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பு எல்லோரும் ஒரு நிறையும் ஒரு குறையும் சொல்ல வேண்டும். பிரபல எழுத்தாளர் என்ற சலுகையில் நான் மட்டும் இதயத்தோடு தப்பிவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை ஒலுவில் சஜீதாவின் முறை. அவள் போட்டது இதுதான்:

"நேற்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு போன படகு. விடியற்காலை சுபஹுக்கு வந்திருக்க வேண்டும். சோற்றுக்கு வைத்த ஆணத்தைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி மூடி வைக்கிறேன். மகள் கடலைப் பார்க்கக்கூடாது என்று கதவைப் பூட்டியிருக்கிறேன். படகில் இருவர். ஒருவர் என்னுடையவர். நீலப் படகு, முன்னால் மஞ்சள் கோடு. உங்கள் ஊர்க் கரையில் நிற்கிறவர்களே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்."

இப்போது வாசிக்கும்போது உங்களுக்கு நெஞ்சு பதறுகிறது, இல்லையா? எங்களுக்குப் பதறவில்லை. நாங்கள் எழுத்தாளர்கள் அல்லவா! வரிசையாக ஆரம்பித்துவிட்டோம்.

"நீலம் கடல், மஞ்சள் நம்பிக்கை. நல்ல குறியீடு" என்றார் அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர்.

"கடைசி வரியில் வாசகரை நேராகக் கூப்பிடுவது புது உத்தி" என்றான் பொத்துவில் ரிஸ்வான். அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிற பொடியன். நன்றாக எழுதுவான்.

அதன் பிறகு வந்தார் நிந்தவூர் ஜவாஹிர் சேர். விஞ்ஞான ஆசிரியர். எங்கள் குரூப்பின் சத்திர சிகிச்சை நிபுணர். கத்தியில்லாமல் கொமன்ட் எழுதமாட்டார். "ஆணம் சூடாக்குவது நல்ல படிமம். ஆனால் முடிவில் தெரிகிற நம்பிக்கை கதையைப் பலவீனமாக்குகிறது. படகு திரும்பி வராது என்று துணிந்து எழுதுங்கள். அப்போதுதான் கதை நிற்கும்."

அந்தக் கொமன்டுக்கு ஆறேழு பேர் கைதட்டியிருந்தார்கள். அல்லாஹ்வே!

எங்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? பாஹிமா ராத்தாவின் சட்டம்தான். பதிவுக்குத் தலைப்பு இல்லை. ராத்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதித் திட்டினால் போதாது என்று, குரூப் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக ஓர் உறுப்பினருக்கு போன் எடுத்தார்.

"புள்ள, தலைப்பில்லாம போடக்கூடா எண்டு எத்தின தரம் சொல்ற?"

மறுபக்கத்தில் சஜீதா கேட்டாளாம்: "ராத்தா, ஆக்களக் கண்டா?"

"ஆர?"

அதன் பிறகு அழுகைச் சத்தம் மட்டும்தான்.

என் போன் அடித்தபோது மீன் தட்டுக்கு வந்திருந்தது. பாஹிமா ராத்தாதான். "அது கதை இல்ல கா. அவட மாப்புள. நஸீர். நேத்துப் போன ஆள் இன்னும் வரல்ல. நான் ஓட்டோவில வாறன், வெளிக்கிட்டு நில்லு."

குரூப்பில் ராத்தா ஒரே வரி போட்டிருந்தார். "இது கதை இல்லை. எல்லாரும் கரைக்குப் போங்க."

ஜவாஹிர் சேரின் கொமன்ட் இருந்த இடத்தில் 'அழிக்கப்பட்டது' என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்தே ஒரு செய்தி. வழக்கமாகப் பந்தி பந்தியாக எழுதுகிறவர், இரண்டே சொல் எழுதியிருந்தார். "பொத்துவில் போறன்."

ஏன் பொத்துவில்? ஒலுவில் துறைமுகத்து ஆட்களிடம் ராத்தா போனிலேயே விசாரித்திருந்தார். அவர்கள் காலையிலேயே இரண்டு படகை அனுப்பியிருந்தார்கள். கடற்படைக்கும் சொல்லியாயிற்று. "இஞ்சின் நிண்டிருக்கும். தண்ணி தெக்கால ஓடுது. தெக்காலதான் பாக்கணும்" என்றார்களாம். ராத்தா அதைக் குரூப்பில் போட்டதும், எங்கள் கரையின் தெற்கு முனையான பொத்துவிலுக்குப் போக சேர் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டார்.

ராத்தாவும் நானும் முதல் தடவையாக ஒருவரையொருவர் நேரில் பார்த்த கையோடு சஜீதாவின் வீட்டுக்குப் போனோம். ரோஜாப்பூ டிபியைப் பார்த்து ஒல்லியாக, கூச்சமாக ஒருத்தியைக் கற்பனை பண்ணி வைத்திருந்தேன். கதவைத் திறந்தவள் என்னைவிட ஒரு சாண் உயரம். வாசலில் நின்று ஸலாம் சொன்னேன். வொய்ஸ் மெசேஜில் கேட்ட குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்கதானே ராத்தா ஹார்ட் போட்டீங்க?"

நிலத்தைப் பார்த்தேன். "ஓம் புள்ள. தெரியாமப் போட்டுட்டன்."

"அதப் பாத்துட்டு, சரி, ராத்தா கண்டுட்டா, கரைக்கு ஆக்கள அனுப்புவா எண்டு நெனச்சன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏன் கா நேரா எழுதல்ல?" என்று பாஹிமா ராத்தா கேட்டார்.

"நேராத்தான் எழுதினன் ராத்தா. சனிக்கிழம வேற கத கதைக்கப்படா எண்டு நீங்கதானே சொன்ன. எழுத்துத் தமிழ்ல எழுதச் சொன்னதும் நீங்கதான். எனக்கு இந்தக் கரை முழுக்கத் தெரிஞ்ச ஆக்கள் நீங்க மட்டும்தான்."

பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லி, ராத்தா உள்ளே போய், அந்தச் சின்ன மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. எதைக் கண்டாலும் எழுத்தாகவே தெரியும். மரண வீட்டில் நின்றுகொண்டு, இதை எப்படி ஆரம்பிக்கலாம் என்று யோசிப்போம். அழுகிறவளைப் பார்த்து, நல்ல வசனம் என்று மனதில் குறித்துக்கொள்வோம். ஒருத்தி 'என் ஆளைக் கண்டீர்களா' என்று கத்தினால், 'அடடா, என்ன நடை!' என்போம். இதற்கு மருந்து உண்டா? எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு எங்கள் ஆட்கள் செய்ததைப் பார்த்தேன்.

ஊர் ஊராகக் கரைக்குப் போய்விட்டார்கள். பார்மஸிக்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். நடக்கவே முடியாது என்று தினமும் முழங்கால் வலியைப் பற்றி எழுதுகிற அட்டாளைச்சேனை டீச்சர், கடற்கரையில் நின்று படம் அனுப்பினார். வெறும் கடல். ஒவ்வோர் ஊரிலிருந்தும் வெறும் கடல்தான் வந்துகொண்டிருந்தது. சஜீதா ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

லுஹர் தொழுதுவிட்டு வந்தோம். ஆணம் அடுப்பில் அப்படியே இருந்தது. "ஒருவாய் சாப்பிடு புள்ள" என்றேன். "அவர் வரட்டும்" என்றாள். அவ்வளவுதான். அவள் குரலில் சந்தேகமே இல்லை. அழுது முடித்துவிட்டு, இனி அழுவதில்லை என்று முடிவெடுத்தவளைப் போல முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பொத்துவிலில் இருந்து ரிஸ்வானின் வொய்ஸ் மெசேஜ் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"ராத்தா, ஜவாஹிர் சேர் வந்திட்டார். எங்கட மாமாட மீன்பிடிப் போட்டு இரிக்கி. மாமா விடியத்தான் கடலால வந்து படுத்தவர். எழுப்பேலா எண்டு மாமி சொல்லிட்டா. சேர் விடல்ல. வேலிக்கு வெளிய நிண்டு கூப்பிட்டு எழுப்பிட்டார். போட்டுக்கு அடிக்கிற எண்ணெய்க் காசுக்கும் தானே பொறுப்பாம். இப்ப மாமா வெளிக்கிட்டுட்டார். சேரும் ஏறிட்டார் ராத்தா! கடல் எண்டா பயந்த மனுசன். சொல்லக் கேக்கல்ல!"

கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னான். "அந்த 'புது உத்தி' கொமன்ட நான் கடலப் பாத்துக்கொண்டு நிண்டுதான் ராத்தா எழுதினன்."

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. போனை நடுவில் வைத்துவிட்டு மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யார் யாரோ அனுப்புகிற துஆக்கள், பிரார்த்தனைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லி முடிந்த கையோடு ரிஸ்வான் அழைத்தான். காற்று இரைச்சல். ஒன்றும் விளங்கவில்லை. "கத்திக் கதை!" என்று பாஹிமா ராத்தா தானே கத்தினார்.

"போட்டு வருது ராத்தா! மாமாட போட்டு இன்னொண்டக் கட்டி இழுத்துக்கொண்டு வருது! நீலம்! மஞ்சக் கோடு!"

சஜீதா போனைப் பறித்துக்கொண்டாள். "தம்பி, ஆக்கள்? ஆக்கள் தெரியுதா?"

அவன் பதில் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

"ரெண்டு பேரும் எழும்பி நிக்கிறாங்க! சேர்தான் படுத்துக் கிடக்கார்!"

ஜவாஹிர் சேர் போன வழி முழுக்க வாந்தியாம். படகைக் கண்டதும் எழும்பி, தன் தண்ணீர்ப் போத்தலை நஸீருக்கு நீட்டிவிட்டு, மறுபடியும் படுத்துவிட்டாராம்.

சஜீதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு நேராகக் குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினாள். ஆணம் சூடாக வேண்டுமே!

இத்தோடு முடிந்தது என்று நினைத்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் வேறு பிரச்சினை. ஜவாஹிர் சேர் விலகப் போகிறாராம். "என் கை இனி யாருடைய எழுத்தையும் தொடாது" என்று எழுதியிருந்தார். இன்னும் இரண்டு பேர் நாங்களும் போகிறோம் என்றார்கள். குரூப்பையே மூடிவிடுவோமா என்று பாஹிமா ராத்தா கேட்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எழுதிக் கிழித்தது போதும்!

அப்போதுதான் சஜீதா வந்தாள். எழுத்துத் தமிழ் எல்லாம் இல்லை. சட்டத்தை உடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஆரும் போகப்படா. என்ட முறை இன்னும் முடியல்ல. நான் போட்டது கதை இல்லயே! வாற சனிக்கிழம நான்தான் போடுவன். ஜவாஹிர் சேர் இல்லாட்டி ஆரு என்ட கதைய வெட்டுற?"

வாசித்துவிட்டு நான் எழும்பி நின்றேன். உண்மையாகவே எழும்பி நின்றேன். கடலிடம் மாப்பிள்ளையைத் திருப்பி வாங்கிய கையோடு, எங்களிடம் தன் முறையைத் திருப்பிக் கேட்கிறாள் ஒருத்தி! நாங்கள் என்ன பெரிய ஆட்கள், மூடிவிட்டுப் போவதற்கு?

பாஹிமா ராத்தா குரூப்பை மூடவில்லை. ஒரு சட்டத்தைக் கூட்டினார். கதையை வாசித்ததும் முதலில் எழுதியவருக்கு போன் எடுக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கொமன்ட். இதயம் போட்டுத் தப்புகிற சலுகை யாருக்கும் கிடையாது. 'யாருக்கும்' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். யாரை என்று சொல்லவும் வேண்டுமா!

சென்ற சனிக்கிழமை சஜீதாவின் கதை வந்தது. தலைப்போடு. கரையில் காத்திருக்கிற ஒரு பெண்ணின் கதை. இந்த முறை நான் அடுப்பை நிறுத்திவிட்டு வாசித்தேன். நல்ல கதை. கொஞ்சம் நீளம்தான், நடுவில் ஓரிடம் தொய்கிறது, அதையும் அவளுக்கு போன் எடுத்தே சொன்னேன். கடைசியில் படகு வந்துவிடுகிறது.

எல்லோரும் ஜவாஹிர் சேருக்காகக் காத்திருந்தோம். அவர் முதலில் போன் எடுத்தாராம்.

"புள்ள, நஸீர் வீட்டயா?"

"ஓம் சேர். நித்திர."

பிறகு அவருடைய கொமன்ட் வந்தது.

"முடிவு பலவீனமாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டாம்."