விண்கப்பலுக்குத் துட்டி

ஓடைப்பட்டித் தபால்காரர் அம்மாவாசி 1938-இல் ஒரு வாரப் பத்திரிகைக்கு விண்கப்பல் தொடர்கதை எழுதினார். கடிதங்களைப் போலவே அதையும் வீடு வீடாகப் படித்துக் காட்டுவார். மாலுமிகளுக்குப் பெயர் தேடச் சோம்பல்பட்டு ஊரார் பெயர்களையே வைத்தார். கேப்டனுக்கு மட்டும் தன் பெயர். செவ்வாய்ப் போரில் கப்பல் அழிந்தது. கேப்டன் மட்டும் பிழைத்தார்.

மறுநாள் ராமுத்தாய் தலைமையில் பெண்கள் மாரடித்துக்கொண்டு அவர் வாசலுக்கே சாவுத் துட்டி கேட்க வந்துவிட்டார்கள். கப்பலில் செத்த அவள் கணவன் ஒச்சாண்டியும் வெற்றிலை மென்றபடி பின்னால் வந்தார்.

“கதைதானே ஆத்தா! உங்க வீட்டுக்காரரு இங்கன குத்துக்கல்லாட்டம் நிக்கிறாகளே!” என்று கெஞ்சினார் அம்மாவாசி.

“அது கெடக்கட்டும். அத்தன பேரும் செத்தாக, நீங்க மட்டும் எப்படிப் பொழச்சீக?” என்றாள் ராமுத்தாய்.

அடுத்த வாரம் கேப்டனும் செத்தார். துட்டிக்கு ஒரு காக்கைகூட வரவில்லை.